நீலிக்குப் பல் முளைத்த கதை

2025 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த ‘லோகா: சாப்டர் 1 – சந்திரா’ மலையாளத்தில் எடுக்கப்பட்டு, தமிழிலும் பேசிய படம். டொமினிக் அருண் இயக்க, துல்கர் சல்மானின் வேஃபேரர் ஃபிலிம்ஸ் தயாரித்தது. கல்யாணி பிரியதர்ஷன் ஏற்ற சந்திரா பெங்களூருக்குக் குடிவருகிறாள், வெயிலைத் தவிர்க்கிறாள், இரத்தம் குடித்து உயிர் தரிக்கிறாள். உடலுறுப்பைத் திருடி விற்கும் கும்பல் ஒன்றோடு மோத நேர்கிறது. படத்தின் நடுவில் கதை சில நூற்றாண்டுகள் பின்னே போய் அவளுடைய பழைய பெயரைச் சொல்கிறது: கள்ளியங்காட்டு நீலி.

கள்ளியங்காடு நாகர்கோவிலை ஒட்டிய இடம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நீலியின் காடும் சேர்ந்தே வந்தது. அங்கிருந்து கிழக்கே முப்பந்தல் வந்து, வடக்கே ஏறித் திருச்செந்தூர், தூத்துக்குடி என்று கரையோரமாக நடந்தால் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் இசக்கி. திரையில் இரத்தம் குடிக்கும் நாயகியின் பெயரைத் தூத்துக்குடி மாவட்டத்தில் பள்ளி வருகைப் பதிவேட்டில் படிக்கலாம். இசக்கி, இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிப்பாண்டி என்று வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்.

நீலி, இசக்கி ஆகிய இரு பெயர்களும் எங்கிருந்து வந்தன, எப்படிப் பிரிந்தன என்று பார்த்துவிட்டால், இரத்தம் குடிப்பவளுக்கு ‘முன்கதை’ எழுதும் படங்கள் பாத்திரத்தை என்ன செய்கின்றன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் இசக்கி. வடமொழியில் யட்சி, பாலியிலும் பிராகிருதத்திலும் யக்கி. சொல்லின் முதலில் யகரம் வந்தால் ஆகாரத்தோடு மட்டுமே வரலாம் என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. அதனால் யந்திரம் இயந்திரமானது, யமன் இயமனானான், யக்கி இயக்கியானாள். வந்த இடத்தில் ‘இயக்கு’ என்ற தமிழ் வினை ஏற்கெனவே இருந்தது. எல்லாவற்றையும் இயக்குபவள் என்று பக்தர்கள் பொருள் சொன்னபோது, வேற்றுமொழிச் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. இயக்கி இசக்கியானது நாக்கின் வேலை. உயிரை உசிரு என்றும் மயிரை மசிரு என்றும் சொல்லும் நாக்கு யகரத்தைச் சகரமாக்கத் தயங்காது.

தமிழில் இயக்கி நன்கு தெரியும் இடம் சிலப்பதிகாரம். மதுரைக்கு வெளியே பூங்கண் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் இடைக்குல மூதாட்டி மாதரி, வழியில் சமணத் துறவி கவுந்தியடிகளைக் கண்டு வணங்குகிறாள். கண்ணகி மாதரியிடம்தான் அடைக்கலமாகிறாள். இங்கே இயக்கிக்குப் படைத்தது பால். குருதிக்கு இங்கே வேலையில்லை. இயக்கி ஊர்ப்புறத்தில் அமர்ந்த, பால் வாங்கும் தெய்வம். கண்ணகியின் கதைக்குள் ஓரமாக வந்துபோகிறாள்.

அடுத்த தடயம் கல்லில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்கே, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலை. முற்காலப் பாண்டியர் ஆட்சியில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில், அந்தப் பாறைச் சரிவில் சமணர்கள் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசை வரிசையாகச் செதுக்கினார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே அம்பிகை என்னும் இயக்கி நிற்கிறாள். உடன் சிங்கமும் பிள்ளைகளும்.

அம்பிகைக்குச் சமணர் சொல்லும் முன்கதை இது. அவள் ஓர் அந்தணன் மனைவி. திதிக்குச் சமைத்த சோற்றை, வாசலில் வந்து நின்ற சமண முனிவருக்கு முதலில் இட்டுவிட்டாள். கணவன் அவளை இரண்டு பிள்ளைகளோடு வெளியே துரத்தினான். பிறகு மனம் மாறித் தேடி வந்தான். அவன் வருவதைப் பார்த்தவள் கொல்லத்தான் வருகிறான் என்று அஞ்சிக் குதித்து உயிரை விட்டு, நேமிநாதரின் இயக்கியாகப் பிறந்தாள். கணவன் அவளுக்கு ஊர்தியாகும் சிங்கமானான். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவள், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள், பிள்ளைகளோடு நின்றவள், அகாலத்தில் செத்தவள். இந்த நான்கும் சேர்ந்த பிறகே அவள் தெய்வம்.

மன்னார் வளைகுடாவைத் தாண்டி இலங்கைக்குப் போனால் இதே சொல் இன்னொருத்தியைக் குறிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் பாலி மொழியில் எழுதப்பட்ட மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரத்தில் குவேனி வருகிறாள். அவள் யக்கினி. கரையேறிய இளவரசன் விசயனுக்கு ஆட்சி பிடித்துக் கொடுக்கிறாள், இரண்டு பிள்ளை பெறுகிறாள். முடிசூட வேண்டுமென்றால் அரச குலப் பெண் வேண்டும் என்று ஆனதும், விசயன் மதுரைப் பாண்டியனிடம் பெண் கேட்டு ஆளனுப்புகிறான். பாண்டியன் மகள் வந்து இறங்குகிறாள். குவேனியை விலக்கிவிடும் விசயன், அவளுக்கு ஆயிரம் செலவில் பலி கொடுப்பதாகச் சொல்கிறான். பிள்ளைகளோடு தன் இனத்தாரிடம் திரும்பியவளை, ஒற்றுப் பார்க்க வந்தாள் என்று நினைத்து ஒரு யக்கன் அடித்துக் கொல்கிறான். விசயன் ஆண்டுதோறும் பாண்டிய மாமனாருக்கு இரண்டு லட்சம் பெறுமதியான முத்து அனுப்பினான் என்று மகாவம்சம் சொல்கிறது.

விசயன் இறங்கிய கரையின் பெயர் தம்பபண்ணி. கொற்கைக்குப் பக்கத்தில் கடலில் கலக்கும் ஆற்றின் பெயர் தாமிரபரணி. ஒரே பெயர் கடலின் இரு கரையிலும் கிடக்கிறது. பெண்ணும் முத்தும் இக்கடலின் குறுக்கே போய்வந்ததைப் போல, துரத்தப்பட்ட இயக்கியின் கதையும் இரு கரைக்கும் பொதுச்சொத்து. எந்தக் கரை யாருக்குக் கொடுத்தது என்று வழக்காட வேண்டியதில்லை.

இனி நீலி. நீலம் என்ற நிறத்திலிருந்து பிறந்த பெயர். நீலச்சாயம் தரும் அவுரிச் செடிக்கும் நீலி என்று பெயர் உண்டு. கரிய நிறத்தவள் என்ற பொருளில் காளிக்கும் துர்க்கைக்கும் அது பெயர். வேட்டுவ வரியில் எயினர் தம் குருதியையே பலியாகக் கொடுத்து வணங்கும் கொற்றவைக்குச் சிலப்பதிகாரம் அடுக்கும் பெயர்களில் நீலியும் ஒன்று.

அதே காப்பியத்தில் இன்னொரு நீலியும் இருக்கிறாள். மதுரை எரியும்போது, மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குப் பழம்பிறப்பு சொல்கிறது. கலிங்கத்தில் இரண்டு அரசர்களுக்குள் பகை. நகை விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பரதன் என்பவன் பிடித்துக்கொடுக்க, அரசன் கொல்கிறான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் தெருவெல்லாம் முறையிட்டு அலைந்து, கணவனைச் சேர ஒரு மலையுச்சியிலிருந்து விழுகிறாள். விழும் முன், எமக்கு இத்துயர் செய்தவர் இதே துயர் அடைக என்று சபிக்கிறாள். அந்தப் பரதன்தான் இப்பிறப்பில் கோவலன். மதுரையில் சிலம்பு விற்கப் போனவன் கள்வனென்று கொல்லப்பட்டதற்கு நீலியின் சொல்தான் வேர் என்கிறார் இளங்கோ.

இந்த நீலியிடம் வஞ்சம் இல்லை, வேடம் இல்லை, பல்லும் இல்லை. நீதி கேட்டு அலைந்த ஒரு வணிகனின் மனைவி. அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் வாய்ச்சொல்.

பிறகு வந்தவள் பழையனூர் நீலி. திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். முற்பிறப்பில் கணவன் கையால் செத்தவள் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று ஊர்மன்றில் அழுகிறாள். வணிகன் மறுக்கிறான். இவள் பெண்ணல்ல, பேய் என்கிறான். மன்றில் கூடியிருந்த எழுபது வேளாளர்கள் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். பிள்ளையை இறக்கிவிட்டால் அது வணிகனிடமே ஓடுகிறது. உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று அவன் கையிலிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓரிடத்தில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல் காத்துத் தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்தப் பழியைச் சுட்டுகிறார். அப்படியானால் ஏழாம் நூற்றாண்டுக்கு முன்பே கதை பரவியிருக்க வேண்டும்.

சமணர்கள் இதே பழையனூர்ப் பேயை எடுத்துக்கொண்டு வேறு முடிவு எழுதினார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் அவள் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை மயக்க வந்து, தோற்று, அவரிடமே கொல்லாமை கேட்டு மாறுகிறாள். மாறியவள் ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரையும் பிற சமயத்தாரையும் தருக்கத்தில் மடக்குகிறாள். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் உரையோடு பதிப்பித்த அந்த நூலைப் புரட்டினால், ஒரு முன்னாள் பேய் பக்கம் பக்கமாக வாதாடுவதைப் பார்க்கலாம். இரத்தம் குடிப்பவள் திருந்தினால் என்ன ஆவாள் என்ற கேள்விக்குத் தமிழ் கொடுத்த விடை: வழக்காடுவாள்.

தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் பழையனூர் பழவூராகிறது. பொன்னுக்காக ஒருவன் தாசி ஒருத்தியைக் கள்ளிச்செடி ஓரத்தில் கொல்கிறான். வேறு சாட்சி இல்லாததால் அவள் கள்ளியைச் சாட்சி வைத்துச் சாகிறாள். மறுபிறப்பில் அரசன் மகளாக அண்ணன் நீலனோடு பிறந்து, இரவில் மாடுகளைத் தின்று, காட்டில் விடப்பட்டு, கடைசியில் மன்றேறி வென்று, பிறகு இசக்கியாக அமர்கிறாள். இரு பெயர்களும் ஒருத்தியிடம் வந்து சேரும் இடம் இதுதான். நீலி செத்துப் பழிவாங்கியவள், இசக்கி கோயில் கொண்டவள். இருவரும் ஒருத்தி.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் 1988இல் எழுதிய நூலில் இந்தத் தெய்வங்களை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கயிலாயத்தில் பிறந்து வருபவை. மற்றொன்று, இங்கே பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டுத் தெய்வமானவை. இரண்டாம் வகையை ஊரில் வாதை என்பார்கள். கொடை விழாவில் வில்லடிக்கும்போது சாவைப் பாடும் கட்டத்தில்தான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகும். ஒரு தெய்வத்துக்கு முன்கதை இல்லாவிட்டால் அதற்கு ஆட்டமும் இல்லை. ஆங்கிலத் திரையுலகம் ‘ஒரிஜின் ஸ்டோரி’ என்று விற்பதைத் தெற்கத்திக் கொடைகளில் ஆண்டுதோறும் விடியவிடியப் பாடிவருகிறார்கள்.

பெயர்கள் அதன்பின் பிரிந்துபோன விதம் கவனிக்கத் தக்கது. நீலி வசையானாள். நீலிக்கண்ணீர் என்றால் பொய்யழுகை. அகராதியில் வஞ்சகி என்பதும் நீலிக்கு ஒரு பொருள். இந்த வழக்கு மன்றில் இருந்த எழுபது பேரின் பக்கம் நின்று உருவானது. அவர்களுடைய வாக்குத் தவறாமையைத்தான் சேக்கிழார் மரபும் புகழ்ந்தது. கண்ணீர் பொய் என்று சொல்லிவிட்டால், முற்பிறப்பில் நடந்த கொலை கணக்கில் வராமல் போய்விடும். அவள் அன்று அழுத அழுகையில் பிள்ளை மட்டும்தான் பொய். என்னைக் கைவிட்டவன் இவன் என்பது மெய்.

இசக்கியோ குழந்தைப் பெயரானாள். அவள் கோயிலில் ஆலமரத்திலோ வேப்பமரத்திலோ தொட்டில் கட்டுகிறவர்கள் பெண்கள். பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்கள் பார்க்கும் உருவம் எப்படிப்பட்டது? விழித்த கண், கோரைப்பல், இடுப்பில் ஒரு பிள்ளை. சில இடங்களில் வாயிலும் ஒரு பிள்ளை. பிள்ளையைத் தின்னக் கூடியவளிடமே போய்ப் பிள்ளை கேட்பதும், பிறந்ததும் அவள் பெயரையே வைப்பதும் அச்சத்தோடு செய்துகொள்ளும் உடன்படிக்கை. பேச்சிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்களும் இந்த வரிசைதான். சுடலை என்றால் பிணம் சுடும் இடம். அதைப் பிள்ளைக்குச் சூட்டி, பின்னால் முத்து சேர்த்துக் கூப்பிடும் ஊர்கள் இவை. முத்துக்குளித்துறை என்பதால் முத்து வந்து ஒட்டியது என்று சொல்ல ஆசை வரும். ஆனால் மாரிமுத்து தமிழகம் முழுதும் உண்டு, அம்மைக் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பெயர். முத்தை அப்படியே விட்டுவிடலாம்.

குருதிக்கும் இக்கரைக்கும் உள்ள தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் செத்தபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம். கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய சிற்றூர். அன்று பாண்டியரின் முத்துத் துறை. கண்ணகி வழக்கின் திறவுகோலும் முத்துதான்: அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். குவேனிக்கு விசயன் பலி ஏற்பாடு செய்ததும் கொற்கைச் செழியன் பலி கொடுத்ததும் ஒரே கணக்கு. இரத்தம் குடிப்பது பேயின் குணமென்று நாம் சொல்கிறோம். இந்தக் கதைகளில் இரத்தத்தை ஊற்றுபவன் அரசன். அநியாயம் செய்த அரசு, செத்தவளுக்குக் கட்டும் ஈட்டுத்தொகை அது. யாரையும் கேட்காமல் இன்னொரு ஆயிரம் உயிரில் கட்டியது.

வெளியுலகில் இதைப் போல நடந்து வந்த பெயர் டிராகுலா. 1431இல் வலாக்கியாவின் இரண்டாம் விளாட், டிராகன் சங்கம் என்ற வீரர் அமைப்பில் சேர்ந்ததால் டிராகுல் எனப்பட்டான். டிராகுலின் மகன் டிராகுலா. ருமேனிய மொழியில் அதே சொல் பிசாசையும் குறிக்கத் தொடங்கியது. பிராம் ஸ்டோக்கர் தம் நாவலின் பிரபுவுக்கு முதலில் யோசித்து வைத்த பெயர் வாம்பயர். 1890இல் விட்பி நகர நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820இல் எழுதிய புத்தகத்தைப் பார்த்தார். வலாக்கிய மொழியில் டிராகுலா என்றால் பிசாசு என்ற அடிக்குறிப்பு அதில் இருந்தது. பெயரை மாற்றினார். 1897இல் நாவல் வந்தது. அப்பனின் பட்டம் மகனின் வசையாகி, வசை ஓர் இனத்தின் பெயராகிவிட்டது.

2014இல் கேரி ஷோர் இயக்கிய ‘டிராகுலா அன்டோல்ட்’ அந்தப் பெயரைக் கழுவ முயன்றது. லூக் எவன்ஸ் நடித்த விளாட், ஆட்டோமான் சுல்தான் கேட்கும் ஆயிரம் சிறுவரையும் தன் மகனையும் கொடுக்க மறுத்து, ஒரு குகைவாசியிடம் ஆற்றல் வாங்குகிறான். மூன்று நாள் இரத்தம் குடிக்காமல் இருந்தால் மறுபடி மனிதனாகலாம் என்பது நிபந்தனை. எதிரிகளைக் கழுவேற்றிய வரலாற்று விளாட் இங்கே பாசமுள்ள தகப்பன். அவன் செய்யும் ஒவ்வொரு கொடுமைக்கும் முன்கூட்டியே ஒரு மன்னிப்புச் சீட்டு. இத்தகைய படங்களின் பாத்திர வார்ப்பில் அடிக்கடி காணும் நோய் இது. காரணம் சொல்வதாகத் தொடங்கி, குற்றமே இல்லை என்று முடித்துவிடுகின்றன. அச்சுறுத்த வேண்டியவன் அனுதாபத்துக்குரியவனாகி, கடைசியில் யாராகவும் இல்லாமல் போகிறான்.

‘லோகா’ இந்தக் குழியில் முழுதாக விழவில்லை. அதன் நீலி காட்டுக்குடியில் பிறந்த சிறுமி. கோயிலுக்குள் போனதற்காக அரசனின் படை அந்தக் குடியையே வேட்டையாடுகிறது. குகையில் அவளுக்கு ஆற்றல் வருகிறது. கேரளக் கதைகளில் யட்சியை ஆணியடித்து அடக்கும் கடமற்றத்துக் கத்தனார், படத்தில் அவளுக்கு வழிகாட்டி. அரசு செய்த கொலை, அதன்பின் தெய்வம் என்ற வரிசை வாதைகளின் இலக்கணத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. நீலியைத் துரோகம் செய்யப்பட்ட மனைவியாக வைக்காமல், வாசலில் தடுக்கப்பட்ட குடியின் மகளாக வைத்தது புதிது. சரியான புதுமையும்கூட. தெற்கத்திக் கோயில் வாசல்களில் யார் நிற்கலாம் என்ற வழக்கு நீலியின் வழக்கைவிடச் சிறியதில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் படம் பழங்கதையைவிட ஏழையாகிறது. முதலாவது, நாக்கு. சங்கமன் மனைவி சபித்தாள், பழையனூர்க்காரி மன்றில் அழுது வென்றாள், நீலகேசி தருக்கம் பேசினாள். இசக்கி சிலையில் கோரைப்பல் உண்டுதான். பழையனூர்க் கதையில் அது கடைசி இரவு ஒன்றில் மட்டும் வேலை செய்கிறது. அதுவரை வேலை செய்வது பேச்சு. திரையின் சந்திரா அதிகம் பேசுவதில்லை. கேள்விகளுக்கு உதையால் விடை சொல்கிறாள். நீலிக்குப் பல் கொடுத்தவர்கள், அவளுடைய பழைய ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, எதிராளி. படத்தில் உறுப்புக் கடத்துபவன் கெட்டவன். சாண்டி நடித்த போலீஸ்காரன் அவனைவிடக் கெட்டவன். அவர்களை அடிப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பழையனூரின் எழுபது பேர் நல்லவர்கள். அழும் பெண்ணை நம்பினார்கள், இரு தரப்பும் கேட்டார்கள், தங்கள் உயிரையே பிணை வைத்தார்கள், தவறியதும் கட்டினார்கள். நீதியின் முறை அத்தனையும் ஒழுங்காக நடந்து, அதன் வழியாகவே ஒரு கொலை நடந்தது. நீலிக்கு நீதி கிடைத்தது, எழுபது வீடுகளில் இழவு விழுந்தது. யார் பக்கம் நிற்பது என்று கேட்பவர் திணறுவதால்தான் அந்தக் கதை ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாங்கியது. சண்டைப் படத்தால் எழுபது நல்லவர்களை வைத்துக் கட்டுப்படியாகாது.

அந்தத் திணறலைப் பெயர்கள் விட்டுவிடவில்லை. வசையாக ஒன்றும் வாழ்த்தாக ஒன்றும் என்று ஒருத்திக்கு இரு பெயரை வைத்துக்கொண்டு, தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறது இந்தக் கரை. ‘லோகா’வின் அடுத்த அத்தியாயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. முதல் அத்தியாயம் நீலியின் பெயரைக் கூப்பிட்டது. வழக்கை இன்னும் கூப்பிடவில்லை.